மோட்டார்ஹோமில் வீட்டு ஃபிரிட்ஜ்: முதலில் கரண்ட் கணக்கு, அப்புறம்தான் கடை

மோட்டார்ஹோமோடு (உள்ளேயே சமைத்துத் தங்கிப் பயணம் செய்யும் வண்டி) வந்த கேஸ் ஃபிரிட்ஜைக் கழற்றிவிட்டு, வீட்டில் வைக்கிற சாதாரண ஃபிரிட்ஜை அந்த இடத்தில் வைக்கலாமா? தாராளமாக வைக்கலாம். பெரிய வண்டிகள் பலவும் இப்போது தொழிற்சாலையிலிருந்தே அப்படித்தான் வெளியே வருகின்றன. ஆனால் இந்த யோசனை வந்ததும் எல்லோரும் முதலில் செய்வது எந்த மாடல், எத்தனை லிட்டர், என்ன கலர் என்று தேடுவதுதான், அது உண்மையில் கடைசியில் செய்ய வேண்டிய வேலை. வண்டி எந்தப் பிளக்கிலும் செருகப்படாமல் நிற்கும் ராத்திரியில் இது எதில் ஓடும் என்ற கேள்விக்கு விடை கிடைத்த பிறகு ஃபிரிட்ஜ் வாங்குவது சுலபம். விடை கிடைக்காமல் வாங்கினால் விடியற்காலையில் பேட்டரி காலியாகி, உள்ளே இருக்கிற பால் திரிந்து போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

முதலில் பழைய கேஸ் ஃபிரிட்ஜ் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், அப்போதுதான் எதை விட்டுக்கொடுத்து எதை வாங்குகிறோம் என்று புரியும். அதில் கம்ப்ரஸர் கிடையாது. அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் ஒரு மூடிய குழாய் அமைப்புக்குள் இருக்கும். கீழே சின்ன கேஸ் சுடரோ மின்சார ஹீட்டரோ சூடு கொடுக்க, அம்மோனியா தண்ணீரிலிருந்து பிரிந்து மேலே போய், ஆறி, திரவமாகி, மறுபடி ஆவியாகும்போது குளிர்ச்சி தருகிறது. அசையும் பாகம் எதுவும் இல்லாததால் சத்தமே வராது. கேஸில் ஓடும்போது கட்டுப்பாட்டு போர்டுக்கு மட்டும் கொஞ்சம் 12 வோல்ட் மின்சாரம் போதும். மின் இணைப்பே இல்லாத இடத்தில் வாரக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு இதைவிட வசதியான ஒன்று கிடையாது, அதை நான் மறுக்கவே மாட்டேன்.

குறைகளும் அதே வடிவமைப்பிலிருந்துதான் வருகின்றன. உள்ளே திரவம் கீழே இறங்குவது புவியீர்ப்பால் மட்டுமே, அதனால் வண்டி ஓரளவு சமமாக நின்றாக வேண்டும். பக்கவாட்டில் சுமார் 3 டிகிரி, முன்பின்னாகச் சுமார் 6 டிகிரி, அதற்கு மேல் சாய்ந்து நின்ற நிலையில் ஓடிக்கொண்டிருந்தால் சூடாகும் பகுதியில் திரவம் வற்றி, துருத் தடுப்புக்காகக் கலந்திருக்கும் சோடியம் குரோமேட் கெட்டிப்பட்டுக் குழாயை அடைத்துவிடும், அந்தச் சேதத்தைச் சரிசெய்ய முடியாது. தொடங்கியதிலிருந்து குளிர்வதற்குப் பல மணி நேரம் ஆகும், நல்ல வெயிலில் திணறும். இது போக, பின்னால் இருக்கும் இயந்திரப் பகுதி பெரிது என்பதால் வெளி அளவுக்கு உள்ளே இடம் குறைவு. இந்தக் குறைகளெல்லாம் வீட்டு ஃபிரிட்ஜில் போய்விடும். பதிலுக்கு நீங்கள் கொடுப்பது ஒன்றே ஒன்று, நாள் முழுக்க நிற்காமல் மின்சாரம்.

கரண்ட் கணக்கு

ஃபிரிட்ஜின் மேல் ஒட்டியிருக்கும் மின்சிக்கன லேபிளில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். ஒரு யூனிட் என்பது 1000 வாட்-அவர். வருடத்துக்கு 365 யூனிட் என்று இருந்தால் நாளுக்கு ஒரு யூனிட், கணக்குப் போட வசதியாக இருப்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். லேபிளில் இருக்கும் எண் ஆய்வுக்கூடத்தில் அளந்தது. வண்டிக்குள் ஃபிரிட்ஜ் இறுக்கமான பெட்டிக்குள் நிற்கும், வெயிலில் வண்டியே சூடாகும், சின்ன இடத்தில் நாலு பேர் மாறி மாறிக் கதவைத் திறப்பார்கள், ஆகவே 20 சதவீதம் கூட்டி 1200 வாட்-அவர் என்று வையுங்கள்.

இந்த 1200 பேட்டரியிலிருந்து நேரடியாக வராது. பேட்டரியின் நேர்மின்சாரத்தை இன்வெர்ட்டர் மாறுமின்சாரமாக மாற்றித்தான் கொடுக்கும், மாற்றும்போது பத்துப் பன்னிரண்டு சதவீதம் வெப்பமாகப் போகும். 1200-ஐ 0.88-ஆல் வகுத்தால் சுமார் 1360. கம்ப்ரஸர் ஓடாத நேரத்திலும் இன்வெர்ட்டர் விழித்துக்கொண்டுதான் இருக்கும். அப்படிச் சும்மா இருப்பதற்கே 20 வாட் எடுத்தால், நாளில் பாதி நேரம் என்று வைத்தாலும் 240 வாட்-அவர் அதில் போய்விடுகிறது. மொத்தம் 1600. இதை 12-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்குச் சுமார் 133 ஆம்பியர்-அவர் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு), அதுவும் ஃபிரிட்ஜுக்கு மட்டும், விளக்கு, விசிறி, தண்ணீர் பம்பு, போன் சார்ஜ் எதுவும் இதில் சேரவில்லை.

லெட் ஆசிட் பேட்டரியாக இருந்தால் பாதிக்குக் கீழே இறக்காமல் பயன்படுத்துவதுதான் நல்லது, ஆக ஒரு நாள் ஃபிரிட்ஜுக்கு 270 ஆம்பியர்-அவர் பேட்டரி. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் 80 சதவீதம் தாராளமாக எடுக்கலாம், 170 போதும். மேகமூட்டமான ஒரு நாளைச் சமாளிக்க வேண்டுமென்றால் இதை இரட்டிப்பாக்குங்கள். லித்தியத்தை விரும்புகிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதை சார்ஜ் செய்தால் செல்கள் நிரந்தரமாகக் கெடும். குளிர் இடங்களில் நிற்கும் வண்டியானால் பேட்டரியை உள்ளே வையுங்கள், அல்லது ஹீட்டர் உள்ள, குளிரில் சார்ஜ் ஏறுவதைத் தானே நிறுத்திக்கொள்ளும் பேட்டரியாகப் பார்த்து வாங்குங்கள்.

எடுத்ததைத் திரும்பப் போட வேண்டுமே. கூரையில் தட்டையாகப் பதித்த சோலார் பேனல், அதில் எழுதியிருக்கும் வாட்டில் எழுபது சதவீதம் கொடுத்தாலே நல்லது. நாளுக்கு நாலரை மணி நேரம் நல்ல வெயில் என்று எடுத்துக்கொண்டால், இந்த 1600 வாட்-அவரைத் திரும்பப் பெற 500 வாட் பேனல் தேவை. தினமும் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் மூலம் எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து மணிக்கு 400 வாட்-அவர் அளவுக்கு ஏறும், நாலு மணி நேர ஓட்டத்தில் ஃபிரிட்ஜின் ஒரு நாள் பாடு ஏறக்குறையத் தீர்ந்துவிடும். தினமும், வண்டிகள் தங்க மின் இணைப்போடு இருக்கும் முகாமில் பிளக் செருகி நிற்பவர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது, அவர்களுக்குப் பேட்டரி என்பது சாலையில் இருக்கும் சில மணி நேரத்துக்கு மட்டும்தான்.

கணக்கை நம்பாதவர்கள், அதாவது என்னைப் போன்றவர்கள், பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் செருகும் வாட் மீட்டர் ஒன்று வாங்கி, புது ஃபிரிட்ஜை வண்டியில் ஏற்றுவதற்கு முன் இரண்டு மூன்று நாள் வீட்டிலேயே ஓடவிட்டுப் பாருங்கள். நாளுக்கு எவ்வளவு எடுக்கிறது, தொடங்கிய பிறகு எத்தனை வாட்டில் ஓடுகிறது, டிஃப்ராஸ்ட் (பனி உருக்கும் வேலை) வரும்போது எவ்வளவு ஏறுகிறது என்று எல்லாமே தெரிந்துவிடும். கம்ப்ரஸர் தொடங்கும் அந்தக் கண நேர ஏற்றத்தை மட்டும் இப்படிப்பட்ட மீட்டரில் பெரும்பாலும் பிடிக்க முடியாது.

இன்வெர்ட்டரும் வயரும்

ஓடும்போது ஃபிரிட்ஜ் எடுப்பது 100, 150 வாட்தான். அதைப் பார்த்துவிட்டு 300 வாட் இன்வெர்ட்டர் போதும் என்று நினைக்காதீர்கள். சாதாரணக் கம்ப்ரஸர் கிளம்பும் அந்த ஒரு நொடியில் ஓடும் மின்சாரத்தைப் போலப் பல மடங்கு இழுக்கும், 1000 வாட்டைத் தாண்டுவதும் உண்டு. அது போக, தானாகப் பனி உருக்கும் வகை ஃபிரிட்ஜில் ஒரு ஹீட்டர் இருக்கிறது, அது நாளில் ஓரிரு முறை 300, 400 வாட்டில் இருபது முப்பது நிமிடம் எரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 1000 முதல் 1500 வாட் வரை உள்ள, வீட்டு மின்சாரம் போலவே சீரான அலையாகக் கொடுக்கும் ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டர் பெரும்பாலான ஃபிரிட்ஜுக்குப் பொருந்தும். அந்த அலையைப் படிக்கட்டு போலத் தோராயமாகக் கொடுக்கும் மாடிஃபைடு சைன் வேவ் விலை குறைவுதான், ஆனால் அதில் கம்ப்ரஸர் மோட்டார் உறுமிக்கொண்டு சூடாகும், எலக்ட்ரானிக் போர்டு உள்ள ஃபிரிட்ஜ் என்றால் போர்டே போகலாம். இந்த இடத்தில் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

வேகம் மாறி ஓடும் இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் உள்ள ஃபிரிட்ஜ் மெதுவாகக் கிளம்பும், தொடக்க இழுப்பு மிகக் குறைவு, மொத்தச் செலவும் குறைவு. வண்டிக்கு வாங்குவதானால் என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் ஃபிரிட்ஜுக்குள் அது இருப்பதால் வண்டியில் தனி இன்வெர்ட்டர் வேண்டாம் என்று அர்த்தமில்லை, பேட்டரிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் அது இருந்தே ஆக வேண்டும். அதேபோல ஃபிரிட்ஜ் 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸா, 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸா என்று பார்த்து அதே வகை இன்வெர்ட்டர் வாங்குங்கள்.

வண்டியில் ஏற்கெனவே 3000 வாட் இன்வெர்ட்டர் இருக்கிறதே, அதிலேயே மாட்டிவிடலாமே என்று தோன்றும். மாட்டலாம். ஆனால் பெரிய இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதே எடுப்பது 30 வாட்டுக்கு மேல் போகலாம், அது 24 மணி நேரத்துக்கு 700 வாட்-அவர், ஃபிரிட்ஜ் குடிப்பதில் பாதிக்கு மேல். மைக்ரோவேவுக்கு அந்தப் பெரியதை வைத்துக்கொண்டு, ஃபிரிட்ஜுக்கு மட்டும் சின்னதாகத் தனி இன்வெர்ட்டர் போடுவது நல்ல ஏற்பாடு, ஒன்று கெட்டாலும் மற்றது இருக்கும். சில இன்வெர்ட்டர்களில் சுமை இல்லாதபோது தூங்கும் சிக்கன முறை இருக்கும், அதை ஃபிரிட்ஜோடு நம்பாதீர்கள். போர்டு எடுக்கும் சின்னச் சுமை இன்வெர்ட்டரை எழுப்பப் போதாது, ஃபிரிட்ஜும் கிளம்பாமல் கிடக்கும்.

12 வோல்ட் பக்கம் ஓடும் ஆம்பியர்தான் ஆபத்தானது. 1000 வாட்டை 12 வோல்ட்டில் எடுத்தால் இழப்போடு சேர்த்து 90, 100 ஆம்பியர். அதனால் பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் கேபிள் தடிமனாகவும் குட்டையாகவும் இருக்க வேண்டும், இன்வெர்ட்டர் கையேட்டில் சொன்ன தடிமனுக்குக் குறைவாகப் போடவே கூடாது. ஃபிரிட்ஜ் வரை நீள வேண்டியது மாறுமின்சார வயர், பேட்டரி கேபிள் அல்ல. ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும், ஏனென்றால் ஃபியூஸுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் கேபிள் துண்டுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. லித்தியம் பேட்டரியில் ஷார்ட் ஆனால் பாயும் மின்சாரம் ஆயிரக்கணக்கான ஆம்பியர், அதைத் துண்டிக்கும் திறன் கொண்ட டி-கிளாஸ் (Class T) ஃபியூஸ் போடுங்கள். லெட் ஆசிட் பேட்டரி இருக்கும் பெட்டிக்குள்ளும் கேஸ் சிலிண்டர் இருக்கும் அறைக்குள்ளும் இன்வெர்ட்டரை வைக்காதீர்கள், சார்ஜ் ஏறும்போது லெட் ஆசிட்டிலிருந்து ஹைட்ரஜன் வரும், இன்வெர்ட்டருக்குள் ஒரு பொறி போதும்.

கம்ப்ரஸர் கிளம்பும் நேரத்தில் மட்டும் இன்வெர்ட்டர் கத்திக்கொண்டு அணைகிறது, பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது என்றால் எல்லோரும் இன்வெர்ட்டரைச் சந்தேகிப்பார்கள். அதற்கு முன் கேபிள் முனைகளைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் லக் (கேபிள் முனையில் பொருத்திய உலோகக் காது) தளர்ந்திருக்கிறது அல்லது கேபிள் மெல்லியது, இழுப்பு வரும் நொடியில் வோல்டேஜ் அங்கேயே விழுந்துவிடுகிறது. இன்வெர்ட்டரின் குறைந்த வோல்டேஜ் அளவையும் பாருங்கள். பலவற்றில் அது 10.5 வோல்ட்டில் வைக்கப்பட்டிருக்கும், லெட் ஆசிட் பேட்டரி அதுவரை இறங்கினால் முற்றாகக் காலி என்று பொருள். மாற்ற முடிகிற இன்வெர்ட்டர் என்றால் 11.5 வோல்ட்டுக்கு மேலேயே நிறுத்தும்படி வையுங்கள்.

முகாமில் பிளக் செருகும்போது அந்த மின்சாரத்துக்கும், கழற்றும்போது இன்வெர்ட்டருக்கும் தானாக மாற ஒரு டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் வேண்டும், பல இன்வெர்ட்டர்களில் அது உள்ளேயே இருக்கிறது. இப்படி மாறும்போது மின்சாரம் விட்டு வந்தால் கம்ப்ரஸர் நின்றுவிடலாம். நின்ற கம்ப்ரஸரை உடனே கிளப்பக்கூடாது, உள்ளே அழுத்தம் சமமாக மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் ஆகும், அதற்குள் கிளப்பினால் மோட்டார் முக்கிவிட்டு ஒரு டிக் சத்தத்தோடு நின்றுவிடும். எலக்ட்ரானிக் மாடல்கள் பலவற்றில் இந்தத் தாமதம் உள்ளேயே இருக்கும், பழைய வகைக்குத் தாமதம் கொடுக்கும் வோல்டேஜ் பாதுகாப்புக் கருவி ஒன்று வையுங்கள். முகாம்களில் எல்லோரும் ஏசி போடும் மதிய நேரத்தில் வோல்டேஜ் விழும், அப்போதும் அதே கருவி காப்பாற்றும்.

எந்த ஃபிரிட்ஜ்

இப்போது கடைக்குப் போகலாம். போவதற்கு முன் டேப் எடுத்து நாலு இடத்தில் அளந்துகொள்ளுங்கள்: பழைய ஃபிரிட்ஜ் இருக்கும் பொந்து, வண்டியின் வாசல், வாசலிலிருந்து பொந்து வரை இருக்கும் குறுகலான திருப்பம், புது ஃபிரிட்ஜின் கதவு முழுக்கத் திறக்க எதிரே இருக்கும் இடம். வாசல்தான் பலருக்குச் சிக்கல். ஃபிரிட்ஜின் கதவுகளையும் கைப்பிடிகளையும் கழற்றி, வண்டிக் கதவையும் கழற்றிப் பார்த்து, அப்படியும் நுழையாவிட்டால் பெரிய ஜன்னலையோ முன் கண்ணாடியையோ எடுத்துத்தான் உள்ளே ஏற்றுவார்கள். பக்கவாட்டில் வெளியே தள்ளும் அறைக்குள் ஃபிரிட்ஜ் இருக்கிற வண்டி என்றால், அறையை உள்ளே இழுத்த நிலையிலும் ஃபிரிட்ஜ் கதவு திறக்குமா, அந்த அறையின் தள்ளுபொறி கூடுதல் எடையைத் தாங்குமா என்று பார்த்தாக வேண்டும்.

வசதிகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. மேலே ஃப்ரீசர், கீழே ஃபிரிட்ஜ், இரண்டே கதவு, கதவில் தண்ணீர்க் குழாய் இல்லை, திரை இல்லை. நடுவில் பிரியும் இரட்டைக் கதவு மாடல்கள் அழகுதான், ஆனால் ஓடும் வண்டியில் ஒவ்வொரு கதவும் பூட்ட வேண்டிய இன்னொரு கதவு. ஐஸ் மேக்கர் உள்ளது வேண்டுமென்றால் அதற்குத் தண்ணீர் லைன் இழுக்க வேண்டும், குளிர்காலத்தில் அந்த லைனை வடிக்க வேண்டும்.

லேபிளில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று பார்த்த பிறகு, பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டில் கிளைமேட் கிளாஸ் என்ற எழுத்தையும் பாருங்கள். என் (N) என்றால் 16 முதல் 32 டிகிரி, எஸ்என் (SN) 10 முதல் 32, எஸ்டி (ST) 16 முதல் 38, டி (T) 16 முதல் 43 டிகிரி செல்சியஸ் வரை சுற்றுப்புறத்தில் வேலை செய்ய வடிவமைத்தது. வண்டிக்குள் வெப்பம் வீட்டைவிட ஏறி இறங்கும் என்பதால் இந்த எழுத்து நமக்கு வீட்டுக்காரர்களைவிட முக்கியம். கீழ் எல்லையையும் அலட்சியம் செய்யாதீர்கள். ஒரே தெர்மோஸ்டாட் உள்ள ஃபிரிட்ஜ், வண்டிக்குள் குளிர் அதிகமானால் ஃபிரிட்ஜ் பகுதி போதுமான அளவு குளிர்ந்துவிட்டது என்று நினைத்துக் கம்ப்ரஸரை ஓட்டாது, ஃப்ரீசரில் இருப்பது மெதுவாக இளகிவிடும்.

உத்தரவாத அட்டையையும் வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள், வாகனத்தில் வைத்துப் பயன்படுத்தினால் செல்லாது என்று எழுதியிருக்கிறதா என்று.

பழையதை எடுப்பது

கேஸ் வேலையை உரிமம் உள்ள ஆள் செய்யட்டும், இதில் விவாதமே வேண்டாம். சிலிண்டரை மூடி, ஃபிரிட்ஜுக்கு வரும் கேஸ் குழாயைக் கழற்றி, அதன் வாயில் பொருத்தமான மூடி போட்டு முறுக்கி, சிலிண்டரைத் திறந்து சோப்பு நுரை பூசிக் கசிவு பார்க்க வேண்டும். டேப் சுற்றி விடுவதும் வெறும் வால்வை மூடி விடுவதும் மூடி போட்டதாகாது. பழைய 12 வோல்ட் வயர்களின் ஃபியூஸை எடுத்துவிட்டு முனைகளைத் தனித்தனியாகக் காப்பிட்டு ஓரமாகக் கட்டிவையுங்கள். பழைய ஃபிரிட்ஜின் பின்புறக் குழாய்களை வெட்டவோ துளைக்கவோ வேண்டாம், உள்ளே அழுத்தத்தில் இருப்பது அம்மோனியாவும் ஹைட்ரஜனும்.

அப்புறம் காற்றுத் துவாரங்கள். கேஸ் ஃபிரிட்ஜுக்காக வெளிச்சுவரில் கீழே ஒன்றும், மேலேயோ கூரையிலோ ஒன்றுமாகத் துவாரங்கள் இருக்கும். கேஸ் எரிந்த புகையும் வெப்பமும் போவதற்காக வைத்தவை, வீட்டு ஃபிரிட்ஜுக்கு அவை தேவையில்லை. திறந்தே விட்டால் மழைத்தண்ணீரும் தூசியும் வெயில் காற்றும் நேராகக் கம்ப்ரஸர் மேல் வந்து விழும், குளிர்காலத்தில் பனிக்காற்று வரும். வெளி மூடியை அப்படியே விட்டுவிட்டு உள்பக்கம் ஃபோம் பலகை வைத்து ஓரங்களை அடைத்துவிடுங்கள், பின்னாளில் பழையபடி மாற்ற நினைத்தால் எடுத்துவிடலாம். ஆனால் வெளியே போக வழியில்லாத வெப்பம் வண்டியின் உள்பக்கமாவது வந்தாக வேண்டும். ஃபிரிட்ஜைச் சுற்றிக் கையேட்டில் சொன்ன இடைவெளி விட்டு, கீழே காற்று நுழையவும் மேலே வெளியேறவும் வழி வையுங்கள். இப்போதைய பல மாடல்களில் வெப்பம் பக்கச் சுவர்கள் வழியாகத்தான் வெளியேறுகிறது, பக்கத்தைத் தொட்டாலே தெரியும், அதைப் பலகையோடு ஒட்டி வைத்தால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும், மேலே போட்ட கரண்ட் கணக்கும் பொய்யாகிவிடும். இடம் மிகவும் இறுக்கம் என்றால் பின்னால் கீழே ஒரு சின்ன 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் வைக்கலாம், அது எடுப்பது இரண்டு மூன்று வாட்.

பொருத்துவது

பழைய ஃபிரிட்ஜ் நின்ற மேடை பெரும்பாலும் தரையிலிருந்து உயர்ந்து இருக்கும், அடியில் ஹீட்டரோ இழுப்பறையோ இருக்கும். புதியது 70, 80 கிலோ இருந்தால் அந்த மேடை தாங்குமா என்று பார்த்து, வேண்டுமானால் மரச்சட்டம் கொடுத்து மேலே தடித்த பிளைவுட் போடுங்கள். ஃபிரிட்ஜின் சக்கரங்களையும் முறுக்கி உயர்த்தும் கால்களையும் எடுத்துவிட்டு, அது பலகையிலேயே அமரும்படி செய்தால் ஆட்டம் பாதி குறைந்துவிடும்.

கட்டிப் பிடிப்பதில்தான் மிக அதிக ஃபிரிட்ஜ்கள் வீணாகின்றன. பக்கச் சுவரில் ஒரு திருகு போட்டால் நல்ல பிடிமானம் கிடைக்கும் என்று தோன்றும், ஆனால் அந்தத் தகட்டுக்கு அடியிலும் கதவைச் சுற்றியுள்ள சட்டத்துக்குள்ளும் குளிர்விக்கும் வாயு ஓடும் மெல்லிய குழாய்கள் பதிந்திருக்கின்றன. ஒரு துளை விழுந்தால் ஃபிரிட்ஜ் போச்சு. இப்போது வரும் பலவற்றில் நிரப்பியிருப்பது ஆர்600ஏ எனும் ஐசோபியூட்டேன், அளவு சில பத்து கிராம்தான் என்றாலும் அது எரியும் வாயு, மூடிய வண்டிக்குள் அது கசிவது விளையாட்டல்ல. ஃபிரிட்ஜில் புதிதாக ஒரு துளைகூடப் போடாமல், ஏற்கெனவே திருகு இருக்கும் இடங்களை மட்டும் பயன்படுத்துங்கள். கீழே கம்ப்ரஸர் உட்காரும் இரும்புத் தட்டில் சக்கரம் மாட்டியிருந்த துளைகள் இருக்கும், மேலே கதவுக் கீலின் திருகுகள் இருக்கும். அங்கிருந்து எல் வடிவ இரும்புப் பட்டை எடுத்து, ஒரு முனையை ஃபிரிட்ஜிலும் மறுமுனையைத் தரையிலும் கூரைச் சட்டத்திலும் முறுக்குங்கள். முன்பக்கம் கீழே ஒரு மரக்கட்டை, மேல் பகுதி முன்னால் சாயாதபடி ஒரு பட்டை, பக்க இடைவெளிகளில் காற்றை மறைக்காமல் அங்கங்கே ரப்பர் துண்டுகள். சடன் பிரேக் அடித்தால் முழு எடையும் முன்னால் வரும், அதைத்தான் தாங்க வேண்டும், அதை மனதில் வைத்துக் கட்டுங்கள்.

பின்னால் போய் செப்புக் குழாய்கள் ஒன்றையொன்று உரசுகின்றனவா, தகட்டில் தட்டுகின்றனவா என்று பாருங்கள். வீட்டில் ஒரே இடத்தில் நிற்கும்போது அது பிரச்சினையில்லை, வண்டி அதிர்வில் ஆயிரம் கிலோமீட்டர் உரசினால் துளை விழும். நடுவில் ஒரு ஃபோம் துண்டைச் செருகி நைலான் டையால் கட்டினால் போதும். கம்ப்ரஸரைப் பற்றிக் கவலை வேண்டாம், அது உள்ளே ஸ்பிரிங்கிலும் வெளியே ரப்பரிலும் உட்கார்ந்திருக்கிறது.

ஏற்றும்போது படுக்க வைத்துத்தான் கொண்டுவர முடிந்தது என்றால் உடனே ஓடவிடாதீர்கள். கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்களுக்குள் போயிருக்கும், நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரமாவது, முடிந்தால் ஒரு நாள் முழுக்கவும் விட்டு அப்புறம் பிளக் செருகுங்கள்.

கதவுக்கு ஒரு பூட்டு கட்டாயம். காந்தம் மட்டும் வளைவில் தாங்காது, உள்ளே கதவு அலமாரியில் இருக்கும் பாட்டில்களின் எடையே கதவைத் திறந்துவிடும். குழந்தைகளுக்காக விற்கும் ஒட்டும் பூட்டு பலருக்குப் போதுமானதாக இருக்கிறது, ஆனால் வெயிலில் பசை இளகும், ஆகவே அவ்வப்போது இழுத்துப் பார்க்கவும். கண்ணாடித் தட்டுகளின் மூலைகளில் சின்னச் சிலிக்கான் பொட்டு வைத்தால் கடகடவென்ற சத்தம் போய்விடும். உள்ளே பொருள்கள் நகராமல் இருக்க, இருபக்கமும் அழுத்தி நிற்கும் ஸ்பிரிங் கம்பிகள் கிடைக்கும், தட்டின் முன்னால் ஒன்று வையுங்கள்.

ஓட்டும்போதும் தங்கும்போதும்

கிளம்புவதற்கு முந்தைய நாளே பிளக்கில் போட்டுக் குளிரவிட்டு, ஏற்கெனவே குளிர்ந்த பொருள்களை மட்டும் உள்ளே வையுங்கள். காலியான சூடான ஃபிரிட்ஜைக் குளிர வைப்பதும், அறை வெப்பத்தில் இருக்கும் பத்துப் பதினைந்து லிட்டர் தண்ணீரைக் குளிர வைப்பதும்தான் அதிக மின்சாரம் குடிக்கும் வேலைகள், அதை இலவசமாகக் கிடைக்கும் இடத்தில் முடித்துவிட வேண்டும். ஓட்டும்போது நிறுத்தத் தேவையில்லை, ஆல்டர்னேட்டர் ஓடும்போதுதான் ஃபிரிட்ஜ் ஓட நல்ல நேரம். உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள், ஃபிரிட்ஜ் 4 டிகிரிக்குள், ஃப்ரீசர் மைனஸ் 18. மூன்றாம் எண், ஐந்தாம் எண் என்று குமிழில் இருப்பதெல்லாம் வண்டிக்குள் எதுவும் சொல்லாது.

பேட்டரி குறைந்துவிட்ட ராத்திரியில் பயப்பட வேண்டாம். கதவைத் திறக்காமல் இருந்தால் ஃபிரிட்ஜ் பகுதி மின்சாரம் இல்லாமல் 4 மணி நேரம் தாங்கும், நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிரம்பியது 24 மணி நேரம். ஆக, எல்லோரும் தூங்கிய பிறகு இன்வெர்ட்டரை நாலு மணி நேரம் அணைத்துவிட்டு விடிவதற்குள் போடலாம், டைமர் இருந்தால் எழுந்திருக்கக்கூட வேண்டாம். ஃப்ரீசரில் காலி இடம் இருந்தால் தண்ணீர் பாட்டில்களை முக்கால் அளவு நிரப்பி வைத்து உறையவிடுங்கள், அந்த ஐஸ் இந்த நாலு மணி நேரத்தைச் சுலபமாக்கும். கதவு விளிம்பில் வியர்க்காமல் இருக்க வைத்த சின்ன ஹீட்டருக்குச் சில மாடல்களில் தனி சுவிட்ச் இருக்கும், காற்று ஈரமில்லாத இடங்களில் அதை அணைத்தே வைக்கலாம்.

இவ்வளவையும் படித்துவிட்டு பேட்டரி, சோலார் செலவெல்லாம் கட்டுபடியாகாது என்று தோன்றினால், நேரடியாக 12 வோல்ட்டில் ஓடும் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜைப் பாருங்கள். இன்வெர்ட்டரே வேண்டாம், அதன் இழப்பும் இல்லை, ஓடும்போது 40 முதல் 80 வாட் வரை எடுக்கும், வாகன அதிர்வுக்கென்றே செய்தது. அதே கொள்ளளவுக்கு வீட்டு ஃபிரிட்ஜைவிட விலை அதிகம், பெரிய அளவுகளில் தேர்வும் குறைவு, ஆனால் இரண்டு பேர் போகும் சின்ன வண்டிக்கு நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். பிளக் இல்லாத இடத்தில் வாரக்கணக்கில் நிற்பவர், சோலாரும் போட மாட்டேன் என்பவர், பழைய கேஸ் ஃபிரிட்ஜும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், தொடவே வேண்டாம்.

வண்டியைச் சில மாதம் நிறுத்தி வைப்பதானால் ஃபிரிட்ஜைக் காலி செய்து, துடைத்து, அடியில் இருக்கும் வடிநீர்த் தட்டையும் காயவிட்டு, கதவு நாலு விரல் அளவு திறந்தே இருக்கும்படி ஒரு துணியைச் சுருட்டி இடையில் வையுங்கள், மூடி வைத்தால் பூசணம் பிடிக்கும். இன்வெர்ட்டரை அதன் பட்டனில் மட்டும் அணைக்காமல் பேட்டரியின் மெயின் சுவிட்சிலும் துண்டித்துவிடுங்கள். ஐஸ் மேக்கர் போட்டவர்கள் தண்ணீர் உறையும் குளிர் வருவதற்கு முன் லைனைக் கழற்றிக் காற்று ஊதி வடித்துவிட வேண்டும், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் சின்ன வால்வில் நிற்கும் தண்ணீரையும் சேர்த்து, ஏனென்றால் உறைந்து வெடிப்பது பெரும்பாலும் அந்த வால்வுதான்.